சம்மணம் போட்டுச் சாப்பிட ஒரு டைனிங் சேர்

நாற்காலி செய்து விற்கிறவனுக்கு ஒரு பெரிய கஷ்டம் உண்டு: வாங்க வருகிற ஒவ்வொருத்தரும் விவரம் தெரிந்த நாளிலிருந்து உட்கார்ந்து பழகியவர்கள், அதனால் எல்லாருமே இதில் நிபுணர்கள். பீரோ செய்கிறவனிடம் போய் யாரும் பீரோவுக்குள் ஏறிப் பார்ப்பதில்லை. நம்மிடம் மட்டும் உட்கார்ந்து பார்ப்பார்கள், ஆட்டிப் பார்ப்பார்கள், ரெண்டு காலில் சாய்த்துப் பார்ப்பார்கள், கடைசியில் "வீட்ல கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்து போவார்கள். தையல் கடை, செருப்புக் கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களுக்கு இந்த வேதனை சொல்லாமலே புரியும்.

நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுவில் நடந்த சங்கதி. அதற்கு முன்னால் கப்பலூரில் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் ஸ்கூல் பெஞ்சுக்குக் கால் மாட்டிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெறும் கால்தான். முழு பெஞ்சு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் அடுத்த ஷெட்டுக்குப் போக வேண்டும். ஒருநாள் போதுமடா சாமி என்று வேலையை விட்டேன். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு, தேக்கில் டைனிங் சேர் செய்ய ஆரம்பித்தேன். அந்த வருஷங்களில் புது வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் 'டைனிங்' என்று ஓர் இடம் விட்டுக் கட்டினார்கள். இடம் விட்டவர்கள் சேர் வாங்காமலா போவார்கள் என்பது என் நினைப்பு.

பஸ்ஸுக்கு வந்தவர்

முதல் சேரை வார்னிஷ் அடித்து வாசலில் போட்டு வைத்தேன், விளம்பரத்துக்கு. போர்டெல்லாம் எழுதவில்லை. தேக்கைப் பார்த்தாலே ஆள் நிற்கும் என்று ஒரு திமிர்.

ஆள் நின்றது. நின்றது மட்டுமில்லை, உட்காரவும் செய்தது. எங்கள் வீட்டுக்கு எதிரில்தான் பஸ் ஸ்டாப். வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து, பேப்பரை விரித்து, என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் ஒரு சிநேகிதரையும் கூட்டிக்கொண்டு வந்து, சிநேகிதர் உட்கார இங்கே இன்னொன்று இல்லையா என்பதுபோல சுற்றுமுற்றும் பார்த்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஐயா, இது விக்கிறதுக்குப் போட்டிருக்கு" என்றேன். மனுஷன் பதறிப்போனார்.

"அய்யய்யோ, வித்துக்கித்துத் தொலைச்சுராதீங்க தம்பி! அப்புறம் நான் பஸ்ஸுக்கு எங்கன உட்கார்றது?"

அடுக்குமா?

அப்போதுதான் பிளாஸ்டிக் சேர் ஊரையே பிடித்திருந்தது. கல்யாண மண்டபம், டீக்கடை, டாக்டர் வீடு, எங்கே பார்த்தாலும் அதுதான். பரவை மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருந்த ஒருத்தர் புது வீட்டுக்கு ஆறு சேர் வேண்டும் என்று வந்தார். எனக்கு வாயெல்லாம் பல். உளி வைத்துத் துளை எடுத்தது, கட்டையின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி ஆணியே இல்லாமல் துளைக்குள் இறக்கிப் பூட்டியது, எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டுக் காட்டினேன். ரொம்ப மரியாதையாகக் கேட்டார். ஒரு கையால் சேரைத் தூக்கிப் பார்த்து, மெதுவாக இறக்கி வைத்தார். "ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குமா?" என்று கேட்டார். அடுக்காது என்றேன். "தண்ணி ஊத்திக் கழுவலாமா?" கூடாது என்றேன். அவருக்கு என் மேல் நிஜமாகவே பரிதாபம் வந்துவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே, சேரு ஜம்முனு இருக்கு. ஆனா இதை நாமதான் பாத்துக்கிறணும் போல, இது நம்மளப் பாத்துக்கிறாது."

மச்சானின் கெடு

என் மனைவி செல்விக்கு ஒரே அண்ணன். எனக்கு மச்சான். கப்பலூர் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே என்னைச் சேர்த்துவிட்டதே அவர்தான். நாங்கள் ஒன்றும் பரம்பரை மரவேலைக்காரர்கள் இல்லை. எங்கள் ஊரில் எங்கள் ஆட்கள் அடுத்தவன் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் மாசம் பிறந்தால் சம்பளம் என்பதை முதலில் பார்த்தவர் மச்சான், இரண்டாவது நான். அதை நான் உதறிவிட்டு வந்தது அவருக்குப் பொறுக்குமா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மொபெட்டில் வந்து இறங்கிவிடுவார். செல்வி கொடுக்கிற காபியைக் குடித்துக்கொண்டே கொல்லையை எட்டிப் பார்ப்பார். விற்காத சேர்கள் வரிசையாக நிற்கும். "என்ன மாப்ள, மீட்டிங் போட்டிருக்கீங்க போல, ஆளத்தான் காணோம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புரட்டாசியில் ஒருநாள் கிண்டலை விட்டுவிட்டு நேராகவே பேசினார். என் இடத்தில் இன்னும் ஆள் போடவில்லையாம். மேனேஜரிடம் கெஞ்சி அதைப் பிடித்து வைத்திருக்கிறாராம். செல்வி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தை பொறக்குற வரைக்கும் பாரு மாப்ள. இது ஓடலைன்னா உளியை மூட்டை கட்டிட்டு எங்கூட வண்டியில ஏறிரணும், ஆமா."

தொங்குகிற கால்

மாரியம்மன் கோவிலுக்கு வெள்ளிக்கிழமை தோறும் வருகிற பிரபாவதி அம்மா, வாசலில் கிடந்த சேரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். பட்டு ஜவுளி வியாபாரம் செய்யும் சௌராஷ்டிரக் குடும்பம். கூட்டுக் குடும்பம், எட்டுப் பேர். "தரையில உட்கார்ந்தவங்களுக்குக் குனிஞ்சு குனிஞ்சு பரிமாறி என் இடுப்பே விட்டுப் போச்சு தம்பி. இனிமே எல்லாரும் மேசையிலதான்" என்றார். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் வந்த படத்தைக் கொடுத்தார். ஒடிசலான சேர், ரெண்டு பக்கமும் கை வைத்தது. கையிலிருந்த நல்ல தேக்கு முழுவதையும் அதில்தான் போட்டேன். படத்துக்கும் என் சேருக்கும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. மேசையோடு எட்டையும் இறக்கிவிட்டு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

தீபாவளி முடிந்து, பாராட்டு வாங்கிக்கொண்டு வரலாம் என்று மத்தியானமாகப் போனேன். போன இடத்தில் என்ன பார்க்கிறேன்? என் சேர்களில் துவைத்த துணி கிடக்கிறது. மேசைக்குப் பக்கத்திலேயே தரையில் இலையைப் போட்டு ஏழு பேர் வரிசையாகச் சாப்பிடுகிறார்கள். பிரபாவதி அம்மா குனிந்து சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "யாரு சொல்லியும் கேக்கலை தம்பி. உட்கார்ந்ததும் காலைத் தூக்கி மேல வைக்கிறாங்க. பலகை பத்தலை, கை இடிக்குது. பொங்கலுக்குள்ள ஏதாச்சும் பண்ணுங்க, இல்லாட்டி எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். எடுத்துக்கொண்டு எங்கே போவது? நேரே கப்பலூருக்குத்தான். அவருடைய மாமனார் ரசத்தை உறிஞ்சிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பாவம், அவருக்குக் கோபமே இல்லை.

"சேர்ல ஒரு குறையும் இல்லப்பா. காலைத் தொங்கப்போட்டா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

செல்வி கொடுத்த அளவு

அன்றைக்கு முழுக்க அந்த வெளிநாட்டுப் படத்தைத் திட்டித் தீர்த்தேன். அதில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரனையும் சேர்த்துத்தான். அவன் காலைத் தொங்கப்போட்டே பிறந்தவன், அவனுக்கு என்ன! சாயங்காலம் செல்வி எனக்குத் தட்டில் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, விற்காத சேர் ஒன்றில் தானும் தட்டோடு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் பேச்சுவாக்கில் ஒரு காலை மடக்கினாள். அப்புறம் இன்னொன்றை. ஒரு முட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சோறு மறந்துபோனது. "அசையாத, அப்படியே இரு" என்று கத்தினேன். பாம்பைக் கண்டுவிட்டேன் என்று பயந்து அவள் தட்டைக் கீழே போட்டாள்.

அப்புறம் நடந்தது முழுக்க அளவெடுப்புதான். கீழே ஒரு பலகையைப் போட்டு, அதில் அவளைச் சம்மணம் போடச் சொல்லி, சாக்பீஸால் சுற்றி வரைந்தேன். பின்பக்கம் சின்னது, முன்பக்கம் விசிறி மாதிரி விரிகிறது. ஆகா, பின்கால்களும் சாய்மானமும் இருக்கிற மாதிரியே இருக்கட்டும், முன்பக்கத்தை மட்டும் விரித்தால் போதும்! மறுநாளே எட்டுச் சேரையும் கொல்லைக்குத் திரும்பக் கொண்டு வந்து, கையை அறுத்துத் தள்ளினேன். முதல் சேரில் நானே ஏறிச் சம்மணம் போட்டு, கீழே இருந்த சொம்பை எட்டி எடுத்தேன். சேர், நான், சொம்பு மூவரும் ஒன்றாகச் சாய்ந்தோம். முன்கால்களைப் பலகையின் ஓரத்துக்கே தள்ளிப் பூட்டியதும் அது சரியானது. அடுத்து, அவர்கள் மேசை உயரத்துக்கு ஒரு பலகையை வைத்துப் பார்த்தால், மடக்கிய முட்டி அதன் அடியில் இடித்தது. நாலு விரல் உயரத்தைக் குறைத்தேன். தொடையில் குத்தாமலும் சேலையைக் கிழிக்காமலும் இருக்க ஓரத்தையெல்லாம் உருட்டி இழைத்தேன். பலகையில் கிடந்த சாக்பீஸ் கோட்டைச் செல்வி மட்டும் வந்து வந்து பார்த்தாள்.

"எட்டு வீட்டுக்கு வேணாலும் செஞ்சு குடுங்க. ஆனா அளவு யாரோடதுன்னு எவளாச்சும் கேட்டா, எம்பேரு உங்க வாயில வரக்கூடாது."

பிரபாவதி அம்மாவின் இடுப்பு

போகிக்கு முந்தின நாள் எட்டுச் சேரையும் வண்டியில் ஏற்றும்போது மச்சான் வந்து நின்றார். தை பிறக்கப் போகிறதே, என்னை அழைத்துப் போகத்தான். "இதையும் எறக்கிட்டுப் போவோம் மாப்ள, மனசு ஆறும்" என்று அவரும் கை கொடுத்துத் தூக்கினார். துக்க வீட்டுக்கு வந்த மாதிரி முகத்தை வைத்திருந்தார்.

அங்கே சாப்பாட்டு நேரம். மாமனார்தான் முதலில் உட்கார்ந்தார். ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கி மடக்கினார். இன்னொரு காலையும் மடக்கி, முன்னும் பின்னும் ஆடிப் பார்த்துவிட்டு, இலையில் தண்ணீர் தெளித்தார். அவ்வளவுதான், மற்றவர்களும் ஏறி உட்கார்ந்தார்கள். முட்டிகள் எல்லாம் பலகைக்குள்ளேயே அடங்கின. கொஞ்ச நேரத்தில் பெரியவர் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்ல, எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். செத்தேன் என்று நினைத்தேன். "இவங்க ரெண்டு பேரையும் எதுக்கு நிக்க வச்சிருக்கீங்கன்னு கேக்குறாரு" என்றார் பிரபாவதி அம்மா. தன் சேரையும், ஒரு பையன் எழுந்து கொடுத்த சேரையும் எங்களுக்குத் தள்ளினார். மச்சான் கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தார். பருப்பு வந்தபோது பார்க்கிறேன், அவர் அறியாமலே ரெண்டு காலும் மேலே. "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கம்மா" என்று வேறு கேட்கிறார்! எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, காரத்தில் என்று சொல்லிச் சமாளித்தேன். ரசம் கொண்டு வந்த பிரபாவதி அம்மா என் இலைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றபடியே ஊற்றினார்.

"பாருங்க தம்பி, பருப்புலேருந்து ரசம் வரைக்கும் வந்தாச்சு, நான் இன்னும் ஒரு தடவை கூடக் குனியல."

மேனேஜரின் பதில்

தை பிறந்தது. அந்தத் தெருவிலிருந்தே மூன்று வீட்டுக்காரர்கள் 'சம்மணச் சேர்' வேண்டும் என்று கேட்டு வந்துவிட்டார்கள். பெயரை அவர்களே வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் மச்சானிடம் நான் வர மாட்டேன் என்று சொல்ல வேண்டும், அவர் மேனேஜரிடம் சொல்ல வேண்டும். அத்தனை கெஞ்சி இடம் பிடித்து வைத்த மனுஷனின் மூக்கை உடைக்கிறோமே என்று எனக்கும் சங்கடம்தான். தயங்கித் தயங்கிச் சொன்னேன். மச்சான் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் வேலை விட்ட கையோடு திரும்பி வந்தார். செல்வி காபி கொண்டு வந்து கொடுத்தாள். அவர் அதைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நீ வர மாட்டேங்கிறத மேனேஜர்ட்ட சொல்லிட்டேன். ஏன்னு கேட்டாரு. அந்தச் சேர்ல நான் எப்படி உட்கார்ந்து சாப்பிட்டேன்னு வாய விட்டுட்டேன்" என்றார். என்ன சொன்னார் என்று கேட்டேன். அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவருக்குப் பீறிட்டுக்கொண்டு வந்தது.

"நீ வேலைக்கு வர வேண்டாமாம் மாப்ள! அவரு வீட்டுக்கு ஆறு சேரு வேணுமாம், சித்திரைக்குள்ள முடியுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு!"

அப்படியாக, தெப்பக்குளத்துப் பக்கம் ஊரையே சம்மணம் போட்டு உட்கார வைத்ததில், நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு உளியை எடுக்கிற பழக்கம் எனக்கு வந்து சேர்ந்ததுதான் கண்ட பலன்.