அகமது மீரானின் வாடகைப் படகு

ஏறுகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு கூழாங்கல்லைக் கொடுத்துக்கொண்டு வருகிறார் அகமது மீரான். அவர் மடியில் இருப்பது ஆறு கற்கள். கல் தீர்ந்தால் படகில் இடமும் தீர்ந்தது. இடுப்புக் குழந்தையைக் கணக்கில் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால், "பிள்ளைக்கும் உசிரு ஒண்ணுதானம்மா" என்று சொல்லி அதன் பிஞ்சுக் கையிலும் ஒரு கல்லை வைத்து மூடிவிடுவார். இறங்கும்போது கொடுத்த கல் எல்லாம் திரும்பி வரவேண்டும். வராவிட்டால், ஆட்கள் எல்லாரும் கண்ணெதிரே நின்றாலும், அவர் கண்கள் ஒரு தடவை ஆற்றைத் துழாவிவிட்டு வரும்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேற்கே தாமிரபரணி குளம் போலத் தேங்கிக் கிடக்கிற இடத்தில் அவருடைய வெள்ளைப் படகு நிற்கிறது. பாய்மரம் உண்டு, மெத்தை தைத்த இருக்கைகள் உண்டு, வெயிலுக்கு மேற்கட்டியும் உண்டு. முன்னொரு காலத்தில் கால்வாய்களைக் கவனித்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் தம் உல்லாசத்துக்காகச் செய்தது. இப்போது வக்கீல்களும் மிராசுதார்களும் பாளையங்கோட்டை உபாத்தியாயர்களும் அரை நாள், ஒரு நாள் என்று வாடகைக்கு எடுக்கிறார்கள்.

எடுக்கிறவர்கள் முதலில் ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். தேவமணி என்ற மிஷன் பள்ளி ஆசிரியர் எழுதிக் கொடுத்த தாள் அது. படகில் செருப்பு ஆகாது, அடுப்பு ஆகாது, குடித்தவர் ஆகாது. கிழக்கே எல்லைக் கல்லைத் தாண்டி அணைப்பக்கம் போகக்கூடாது. மேற்கே கல்மண்டபத்துக்கு அப்பால் பாறை இருப்பதால் அங்கேயும் போகக்கூடாது. காற்று எழுந்தால் திரும்ப வேண்டியது. கூட்டத்தில் ஒருவர் பொறுப்பாளி. என்ன சேதமானாலும் அவரே வந்து சொல்லவேண்டும், செலவும் அவருடையது. துடுப்புப் போடத் தெரிந்தவர்களானால் மீரான் கூடப் போகமாட்டார். ஆனால் கிளம்புமுன் பொறுப்பாளியைக் கூட்டிக்கொண்டு படகைச் சுற்றி வந்து பழைய கீறல்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார். திரும்பி வந்ததும் மறுபடி ஒரு சுற்று.

வாடிக்கைக்காரர்களுக்கு அவர்மேல் மனத்தாங்கல் உண்டு. சிரித்துக்கொண்டு இறங்குகிறவனை உற்றுப் பார்ப்பார். பேசாமல் இறங்குகிறவனையும் உற்றுப் பார்ப்பார். "கள்ளனைப் பிடிச்ச போலீஸ்காரன் மாதிரிலா பாக்காரு" என்று என் நண்பர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது, சென்ற காணும் பொங்கல் வரையில்.

டில்லி தர்பாருக்காகக் கட்டிய காகிதத் தோரணங்கள் தாலுகா கச்சேரி வாசலில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்த தை மாதம். அன்று காலையில் வக்கீல் தில்லைநாயகம் மூன்று சிநேகிதர்களோடு படகை எடுத்துப் போனார். சென்னையில் படித்த நாளிலேயே துடுப்புப் பழகியவர். வருஷத்தில் நாலைந்து தடவை வருகிறவர். உச்சிவேளைக்குத் திரும்பினார்கள். கரையில், வேடிக்கை பார்க்க வந்த எங்களோடு அடுத்த கூட்டமும் காத்திருந்தது. திருநெல்வேலியிலிருந்து வில்வண்டியில் வந்த சொர்ணாம்பாள் என்கிற அம்மாள், தலைப்பொங்கலுக்கு வந்த மகளையும் மருமகனையும் படகில் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டு நாலு நாளைக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள். புதுப்பெண் கூறைப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகவே நின்றாள்.

நான்கு கற்களும் திரும்பி வந்தன. எல்லாம் நல்லபடி ஆயிற்று என்றார் வக்கீல். "இன்னைக்குப் படகு அருமையா ஓடிச்சு வே" என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்துக்கொண்டார்.

மீரான் அந்த வார்த்தையில் நின்றுவிட்டார். தில்லைநாயகம் வந்த நாளெல்லாம் பாய் கிழிசல், மெத்தை அழுக்கு என்று ஏதாவது ஒரு குறை சொல்லாமல் போனதில்லை. மீரான் படகுக்குள் இறங்கி அடியில் விரித்திருந்த கோரைப்பாயைத் தொட்டார். மேலே காய்ந்திருந்தது. புரட்டினார், கீழ்ப்பக்கம் சொதசொதவென்று நனைந்திருந்தது.

படகைக் கரையேற்றிப் பார்த்த பிறகுதான் அடுத்தவர்களுக்குக் கொடுப்பேன் என்றார். நாலு பேர் சேர்ந்து இழுக்கவேண்டிய வேலை, பொழுதும் போய்விடும். சொர்ணாம்பாளுக்குக் கோபம் வந்துவிட்டது. சொன்ன சொல்லை மீறுகிறவர் எதற்காக வாடகைக்குப் படகு வைத்திருக்கவேண்டும் என்று கேட்டாள். கரையில் நின்றவர்கள் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பெரிய மனிதரைப் பொய்யர் என்கிறாரே என்று என் பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார். நானும் தலையாட்டினேன் என்பதை மறைப்பதற்கில்லை.

"கோர்ட்டுல நிக்கிறவன் நான். என் வாய்ச்சொல்லு உமக்குப் போதாதா?" என்றார் வக்கீல்.

மீரான் குரலை உயர்த்தவில்லை. "போதும் ஐயா. நம்புதேன். அப்போ ஏறுங்க. நீங்களும் நானும் பைய அந்த எல்லைக் கல்லு வரைக்கும் போயிட்டு வருவோம். அதுக்கப்புறம் இந்தப் பிள்ளையளை ஏத்துதேன்."

தில்லைநாயகம் ஒரு காலைத் தூக்கிப் படகின் விளிம்பில் வைத்தார். அவர் தண்ணீரைப் பார்த்தார்; அப்புறம் புதுப்பெண்ணைப் பார்த்தார். வைத்த காலை எடுத்துவிட்டார்.

"மண்டபத்துக்கு அங்கன பாறையில லேசா உரசிச்சு" என்றார், யாரையும் பார்க்காமல்.

இழுத்துக் கவிழ்த்தார்கள். அடிப்பலகையில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. அங்கவஸ்திரத்தைக் கிழித்துத் திணித்து, மேலே களிமண்ணை அப்பியிருந்தார்கள். மீரான் சுண்டுவிரலால் ஒரு நெம்பு நெம்பியதும் துணி முழுதும் உருவிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. படகு போகிற நடு ஆற்றில் இரண்டாள் ஆழம். சொர்ணாம்பாள் மகளின் கையைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

சிநேகிதர் ஒருவர் சுக்கானைப் பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டாராம். எல்லை தாண்டியது தெரியுமுன் பாறை இடித்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர் தாமே விதியை மீறினார் என்றாகிவிடுமே என்று வக்கீலுக்கு வெட்கம். "நீரு எப்படியும் பார்த்துத்தானே குடுப்பீருன்னு நெனச்சேன்" என்றார். அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாரும் அந்தச் சந்தேகக்காரரை நம்பித்தான் படகில் ஏறிக்கொண்டிருந்தோம் போலும்.

கூட்டம் கலைந்த பிறகு, பாயை எப்படிப் புரட்டத் தோன்றியது என்று மீரானிடம் கேட்டேன். துடுப்புகளைத் துடைத்து அடுக்கினார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

இருபது வயதில் காயல்பட்டினத்திலிருந்து வந்து இஞ்சினியர் துரையிடம் படகோட்டியாகச் சேர்ந்தாராம். துரை ஊரில் இல்லாத ஒரு நாள், கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு போய் அதே பாறையில் மோதினார். துணியைத் திணித்து அடைத்தார். பாயைப் புரட்டிப் போட்டார். மறுநாள் துரை தம் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, தாமே துடுப்புப் போடப்போவதாகச் சொல்லி வந்து, படகு எப்படி என்று கேட்டார்.

"அருமையா இருக்கு துரைன்னுதான் நானும் சொன்னேன்" என்றார் மீரான். "சாயந்தரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுத மட்டும் இந்தக் கரையில உக்காந்திருந்தேன். அன்னைக்கு அல்லாகிட்ட கேட்ட துஆ மாதிரி அப்புறம் கேட்டதில்ல. நாலு பேரும் சிரிச்சுக்கிட்டு வந்து எறங்குனாங்க. துணி தாங்கிருச்சு."

துரையிடம் அவர் கடைசிவரை சொல்லவில்லை. சீமைக்குத் திரும்பும்போது துரை இந்தப் படகை அவருக்கே கொடுத்துவிட்டு, 'இவனைப் போல நாணயமான ஆள் இந்த ஜில்லாவில் இல்லை' என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தாராம். காட்டச் சொல்லிக் கேட்டேன்.

"அதை நான் யாருக்கும் காட்டுறதில்ல" என்றார்.

தாளில் எழுதியிருந்தபடி பலகையும் ஆணியும் வக்கீல் வாங்கி அனுப்பினார். ஒட்டுப்போடும் வேலையை மீரான் தாமே செய்தார். பலகையைப் பொருத்தி, இடுக்குகளில் பஞ்சைச் செருகி, குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றினார். பத்து நாள் கழித்துத் தில்லைநாயகத்தை வரவழைத்தார். நானும் கூடப் போனேன். படகு மணலில் கவிழ்ந்து கிடந்தது. புதுப்பலகை எது, பழையது எது என்று எனக்குத் தெரியவில்லை.

நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் என்ன பார்க்கவேண்டும் என்றார் வக்கீல்.

"நான் செஞ்சதை நானே பார்த்தா எப்படி ஐயா? என்னையும் ஒருத்தர் சந்தேகப்படணும்லா."

மரச்சுத்தியலை எடுத்து வக்கீலின் கையில் கொடுத்து, இடுக்கு நெடுகத் தட்டிப் பார்க்கச் சொன்னார். தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டி மண்டியிட்டார். முதல் தட்டு விழுவதற்குள் அகமது மீரான் நாலடி தள்ளிப் போய், தம் முகம் எங்களுக்குத் தெரியாதபடி ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.