நான் சுத்தம் செய்து கொடுத்த பாட்டு

1. முதல் நாள்

ஆரணியில் ஆடியோ ரெக்கார்டிங் கடை போட்ட முதல் நாளே ஒரு நகைக்கடைக்காரர் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். அவர் கடை திறப்பு விழாவுக்கு விளம்பரம். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார்களே, அதுதான். என் குரலிலேயே பேசி, பின்னால் நாதஸ்வரம் சேர்த்து, பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.

“இன்னாய்யா இது, பின்னாடி டக்கு டக்குன்னு இன்னாவோ ஓடிகினு கீது?”

“பக்கத்து வூட்டு தறிங்க.”

“நான் தொறக்கறது நகைக்கடையா, தறிக்கொட்டாயா? ஜல்தியா வேற எடுத்துக் குடு. இத்த கடாசு.”

அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தச் சனி. இந்த ஊரில் தறிச் சத்தம் இல்லாமல் ஒரு வாக்கியம் பேசி ரெக்கார்டு செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினேன். கதவு இடுக்கில் சைக்கிள் டியூபை வெட்டி அடித்தேன். பழைய பஞ்சு ரஜாய் இரண்டைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டேன். உள்ளே உட்கார்ந்து பேசினால் வேர்த்து ஊற்றும். அப்படியும் சத்தம் வந்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, நாய்ஸ் ரிமூவல் வந்தது. பேச்சு இல்லாத இடத்தில் இருக்கும் வெறும் இரைச்சலைக் கொஞ்சம் தேர்ந்தெடுத்து, ‘இதுதான் எதிரி’ என்று கம்ப்யூட்டருக்குக் காட்ட வேண்டும். அது ஃபைல் முழுவதும் தேடித் தேடி அதை எடுத்துவிடும். மிச்சம் இருக்கிற இருமல், குழந்தை அழுகை, எவனாவது கூப்பிடுகிற சத்தம் எல்லாவற்றையும் நான் கையால் வெட்டுவேன். அதில் நான் கில்லாடி. திறப்பு விழா, காதுகுத்து, சாவு அறிவிப்பு எதுவானாலும் என் ரெக்கார்டிங்கில் ஒரு தறி ஓடாது. வேலூர், கண்ணமங்கலத்திலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

2. யாரைத் திட்டுகிறான்?

ராப் பாட்டு என்றாலே எனக்கு ஆகாது. சூடான போண்டாவை வாயில் போட்டுக்கொண்டு திட்டுகிற மாதிரி இருக்கும். பள்ளி ஆண்டு விழா டான்ஸுக்குப் பாட்டு வெட்டி ஒட்டித் தரும்போது அதைக் கேட்டே ஆக வேண்டும். கேட்பேன், தலையில் அடித்துக்கொள்வேன்.

இதை மாற்றியது கல்பனா. சேவூர்ப் பக்கம் ஒரு பவர்லூம் ஷெட்டில் தறி ஓட்டுகிறவள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொள்ள வந்தாள். ஷெட்டுக்குள் பெரிய போன் கூடாது என்று ஓனர் உத்தரவு. அதனால் பட்டன் போனில் கார்டு போட்டு, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டுதான் அங்கே பாட்டு கேட்பார்கள். ஒரு பேப்பரில் பெயர்களை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அதில் ஒரு பெயர்கூட எனக்குத் தெரியாது.

“இன்னாம்மா இது, எல்லாம் ராப்பா? மெலடி ஏத்தறேன் விடு.”

“மெலடி தறி சத்தத்துல கேக்காதுண்ணா. இது கேக்கும். எங்க அக்காவுக்கும் இதான் புடிக்கும்.”

“நகை போட்டுகினு, கார்ல சாஞ்சிகினு திட்றானே, அதுவா?”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “அது வேற பசங்கண்ணா. எல்லாரையும் ஒண்ணா சேக்காதீங்க. பாடறவன் யார திட்றான்னு பாருங்க. தனக்குக் கீழ இருக்கறவன திட்டினா நிறுத்திடுங்க. மேல இருக்கறவன திட்டினா இன்னொருவாட்டி கேளுங்க. தன்னையே திட்டிகினான்னு வையுங்க, அத்த அழிக்காம வெச்சிக்கங்க.”

ரஜாய்க்குள் வேர்த்து விறுவிறுத்து இத்தனை வருஷம் ஆடியோ வேலை செய்த எனக்கு இப்படி ஒரு கணக்கு யாரும் சொன்னதில்லை.

அவள் போன பிறகு, சும்மா பார்ப்போமே என்று ஹெட்போனை மாட்டினேன். ஒருவன் மும்பையில் பிறந்த தமிழ்ப் பையன். தன் சந்தில் குழாயடியில் நடக்கிற சண்டையைப் பாடுகிறான். யார் மேலும் அவனுக்கு வெறுப்பு இல்லை, தண்ணீர் விடாதவன் மேல் தவிர. இன்னொருத்தி இலங்கையில் தேயிலை மலையில் இருக்கிறவள். கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் கங்காணியின் கட்டைவிரலைப் பாருங்கள் என்று பாடுகிறாள். சென்னையில் ஒருவன், வீட்டை இடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டதைப் பாடிக்கொண்டே வந்து, அன்றைக்குத் தான் ஒன்றும் பேசாமல் மூட்டை கட்டியதைச் சொல்லித் தன்னையே காறித் துப்புகிறான். அந்தப் பாட்டை மூன்று முறை கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டேன், யாராவது பார்த்தால் மானம் போய்விடும்.

அதிலிருந்து கல்பனா மாதத்தில் இரண்டு முறை வருவாள், பேப்பரில் புதுப் பெயர்கள் இருக்கும். நான் வேறு வாடிக்கையாளர்களின் கார்டிலும் கேட்காமலே ஒன்றிரண்டைச் சேர்த்துவிடுவேன். ஒரு ஆட்டோக்காரர் வந்து சத்தம் போட்டார். “இன்னா சார், பாட்டு கேட்டா பேப்பர் படிக்கிறான் ஒருத்தன்? ஒரே பேஜாரா பூட்ச்சு.” பத்து நாள் கழித்து அவரே வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, “அந்த பேப்பர் படிக்கிறவன்து இன்னும் ரெண்டு இருந்தா போடு சார்” என்றார்.

யாரைக் கேட்கலாம், யாரைத் தள்ளலாம் என்பதில் நானும் பெரிய மேதாவி ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

3. மெமரி கார்டு

ஒரு நாள் காலையில் கல்பனா பேப்பர் இல்லாமல் வந்தாள். கார்டை மட்டும் நீட்டினாள்.

“இதுல ஒண்ணு கீதுண்ணா. நான் பாடினது. சிரிக்கக் கூடாது.”

“அட! எங்க எடுத்தே?”

“ஷெட்டுலதான். பட்டன் போன்ல. கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்தீங்கன்னா நெட்டுல போட்டுடுவேன். சாயங்காலம் வரேன்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகம் பூராவும் தேடிக்கொண்டிருந்தேன், இதோ ஒருத்தி சேவூரிலிருந்து வந்து நிற்கிறாள். என் திறமை எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

ஃபைலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் திறந்தால் தறிச் சத்தம் காதைப் பிளந்தது. அதற்குள்ளிருந்து அவள் குரல் வருகிறது. நடுவில் நான்கு இடத்தில் அவள் பாட்டை நிறுத்துகிறாள், அந்த இடைவெளியில் தூரத்தில் கேட்கிற மாதிரி யாரோ ஏதோ கத்துகிறார்கள். திரையில் ஒலிக்கோட்டில் நான்கு சின்ன மேடுகள். ஷெட் என்றால் யாராவது கூப்பிடத்தானே செய்வார்கள்! முதலில் தறியை எடுத்தேன். பிறகு அந்த நான்கு மேடுகளையும் மவுஸால் இழுத்து ஒவ்வொன்றாக டெலிட் தட்டினேன். அவள் குரலைத் தூக்கிவிட்டு, லேசாக எக்கோ போட்டேன். மத்தியானம் வரை ஆனது. பளிங்கு மாதிரி வந்தது. பழைய ஃபைல் மேலேயே சேவ் செய்தேன். கார்டில் வைரஸ் இருந்தது, எல்லாருக்கும் செய்கிற உபகாரமாக அதை ஃபார்மட் செய்து, சுத்தமான பாட்டை ஏற்றி வைத்தேன்.

சாயங்காலம் வந்தவளை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டிவிட்டேன். முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் புருவம் சுருங்கியது. ஹெட்போனைக் கழற்றி, காதில் வைத்துப் பார்த்து, மறுபடி மாட்டினாள்.

“அக்கா எங்கண்ணா?”

“எந்த அக்கா?”

“எங்க அக்கா. செல்வி. பக்கத்து தறி அவளுதுதான். நான் ‘அக்கா, தண்ணி வேணுமா’ன்னு கேப்பேன், அவ தறி ஓட்டிகினே ‘வேணா’ம்பா. நாலுவாட்டி. அதான்ணா பாட்டே.”

எனக்குச் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல் எகிறினேன். “முன்னாடியே சொல்லணும்ல? யாரோ கத்தறாங்கன்னு எடுத்துட்டேன். அது சரி, ஏன் வேணாம்னு சொல்றாங்க?”

கல்பனா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “பாட்டுல சொல்லிக்கிறேனேண்ணா. ஷெட்டுல பொம்பளைங்களுக்கு கக்கூஸ் இல்ல. தண்ணி குடிச்சா எங்க போறது? காலையில ரொப்பினு வர்ற பாட்டிலு அப்படியே ரொம்பின மேனிக்கு வூட்டுக்குப் போவுது. அதத்தானே மொத வரியிலேயே பாடறேன்?”

காலையிலிருந்து மத்தியானம் வரை அந்தப் பாட்டோடு இருந்திருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுகிறதா என்று பார்த்திருக்கிறேன். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. சென்னையில் எவனோ மூட்டை கட்டியதற்கு அழுதவன் நான்.

“சரி, அக்காவ இங்க கூட்டினு வா. மைக்குல நல்லா சொல்ல வெச்சி சேத்துடலாம்” என்றேன்.

“அவளா! மைக்குன்னா ஓடியே பூடுவா. தறி ஓடினாதான்ணா அவ வாயே தொறப்பா. வுடுங்க, ஷெட்டுல இன்னொருவாட்டி எடுத்துகினு வரேன்.” எனக்கு ஆறுதலாகச் சிரித்துவிட்டுப் போனாள்.

4. பேப்பரில் இருந்த பெயர்

இன்னொரு முறை எடுக்கவில்லை. முகூர்த்த ஆர்டர் நெருக்கடி என்று ஒரு தடவை வந்தபோது சொன்னாள். அடுத்து வரவே இல்லை.

ஒரு காலையில் சேவூரிலிருந்து ஒருவர் சாவு அறிவிப்புக்குப் பேப்பர் கொண்டுவந்தார். என் தொழிலில் பாதி அதுதான். பெயர், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கும். மைக் முன்னால் போய் வாசிப்பேன். வாசித்தேன். ‘செல்வி அவர்கள் இயற்கை எய்தினார்’ என்று கணீரென்று சொன்னேன். செல்வி என்று இந்தப் பக்கம் எத்தனையோ பேர். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பின்னால் ஒரு சத்தம் இல்லாமல் துப்புரவாக எடுத்து அனுப்பிவிட்டேன்.

காரியம் எல்லாம் முடிந்து கல்பனா கடைக்கு வந்தாள். இளைத்துப் போயிருந்தாள்.

“அக்கா பூட்டாண்ணா.”

ஜுரம் என்று படுத்திருக்கிறாள். நீர்க்கடுப்பு ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. வேலூருக்குக் கொண்டுபோவதற்குள் கிட்னிக்குப் போய்விட்டது என்றார்களாம். தண்ணீர் குடிக்காததால்தான் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்க வேண்டுமா என்ன?

“அண்ணா, அந்த பழைய ரெக்கார்டிங்கு, தறி சத்தத்தோட இருந்ததே, அது கீதா? அக்கா கொரலு வேற எதுலயும் இல்ல. போட்டோ கீது, கொரலு இல்ல.”

இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், “தேடறேன், நாலு நாள் டைம் குடு” என்றேன். அழித்த ஃபைலை மீட்கிற சாஃப்ட்வேர் இரண்டு போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டரைக் கழற்றி வேலூரில் தெரிந்த கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர், “மேலேயே சேவ் பண்ணிட்டீங்களே, எப்படி சார் வரும்?” என்றார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஏன் சார் அழுவறீங்க என்று கேட்டார்.

சொன்ன நாளில் கல்பனா வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

“சரி, இருக்கறத போடுங்கண்ணா.”

போட்டேன். ‘அக்கா, தண்ணி வேணுமா?’ என்று கேட்டு அவள் குரல் நின்றது. அடுத்த வரி வரும்வரை அறையில் ஒன்றும் இல்லை. கல்பனா என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா நாலுவாட்டியும் ஒரே மாதிரி சொல்லலண்ணா. மொதல்ல கத்துவா. நடுவுல ஒருவாட்டி சலிச்சிகினு சொல்லுவா. கடைசியில சிரிச்சாளா, இல்ல மூணாவதுலயான்னு எனக்கு கொழம்புது. அன்னிக்கி தறி சத்தத்துல எனக்கே சரியா கேக்கல. கேட்டது நீங்கதான், ஹெட்போன் போட்டு திரும்பத் திரும்ப கேட்டீங்க. கடைசி ‘வேணா’ எப்படிண்ணா சொன்னா?”

அது ஒரு நிமிடம் பன்னிரண்டாவது விநாடியில் இருந்தது. இப்போது கேட்டாலும் சொல்வேன். திரையில் எவ்வளவு உயரம், எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது, எல்லாம் தெரியும். அந்தக் குரல் எப்படி இருந்தது என்று தெரியாது. யோசித்துப் பார்த்தேன், கண்ணை மூடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சிரித்தாள் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“தெரியலம்மா.”

அவள் தலையை ஆட்டினாள். “ஷெட்டுக்கு நேரமாச்சு, வரேண்ணா” என்று எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் பாட்டு எழுதவில்லை. கார்டு கொண்டுவருவதும் இல்லை. அந்த ஷெட்டில் கக்கூஸ் இன்னும் கட்டவில்லை என்று கேள்வி.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரிஜினல் ஃபைலைத் தொடாதீர்கள், வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். அது கம்ப்யூட்டர் பாடம், யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். இன்னொன்று, வெட்டுவதற்கு முன்னால் அது என்ன என்று கொண்டுவந்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிட வேலை.

கேட்க வேண்டிய ராப் பாட்டு எது என்று என்னிடம் வருகிறவர்களுக்குக் கல்பனாவின் பாட்டைத்தான் முதலில் போடுகிறேன், அவளிடம் கேட்டுக்கொண்டுதான். நான்கு முறை அவள் தன் அக்காவைத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறாள். நான்கு முறையும் பதில் இல்லை. ரெக்கார்டிங் ரொம்பச் சுத்தம் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.