நான் என்று சொல்லுங்கள்

எங்கள் அலுவலக ஃப்ரிட்ஜில் ஆளுக்கொரு பால் புட்டி இருக்கும். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள். இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. கையில் கிடைத்த பாலை ஊற்றி, அறையில் இருந்த எல்லோருக்கும் டீ போட்டேன். பக்கத்து மேசை ஹெலனிடம், "உங்கள் பாலா?" என்று கேட்டபோது, "இட்ஸ் ஃபைன், டோன்ட் வொரி" என்று சிரித்தார். நானும் நிம்மதியானேன். மறுநாள் அவர் புட்டியில் பெயர் இன்னும் பெரிய எழுத்தில் இருந்தது.

இத்தனைக்கும், மனிதர்களோடு பேசிப் பழகக் கற்றுக்கொடுப்பதுதான் இங்கே என் வேலை. படிப்பை முடிக்கப்போகும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு, எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வரக்கூடிய திறன்களைப் பயிற்றுவிக்கிறோம். குழுவில் சேர்ந்து வேலை செய்வது, பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, நேர்காணலில் தன்னை எடுத்துச் சொல்வது. தஞ்சாவூரில் ஒரு பொறியியல் கல்லூரியிலும் இதையேதான் செய்தேன். நன்னிலத்திலிருந்தும் கீழ்வேளூரிலிருந்தும் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் முதலில் வாயே திறக்க மாட்டார்கள். ஒரு பருவம் போவதற்குள் என் டிபன் பாக்ஸைத் திறந்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று பார்ப்பார்கள். இங்கே வகுப்பு முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். மதியம் என் மேசையிலேயே தனியாகச் சாப்பிடுகிறேன்.

போன இலையுதிர் காலத்தில் இர்ஃபான் வந்தார். முத்துப்பேட்டைக்காரர். நீர் மேலாண்மையில் முதுகலை. விசா முடிவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டும் என்ற பயம் முகத்திலேயே தெரிந்தது. மாதிரி நேர்காணலை ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும். நெருக்கடியில் நீங்கள் பொறுப்பேற்றுச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்த ஊரில், ஜெனரேட்டர் வைத்துத் தெருத்தெருவாகத் தண்ணீர் ஏற்றியதைச் சொன்னார். வாக்கியத்துக்கு வாக்கியம் "வீ, வீ" என்று, நாங்கள், நாங்கள் என்றே வந்தது. நிறுத்தினேன்.

"ஜெனரேட்டர் எங்கேருந்து வந்துச்சு?" எனக்கே தெரியாமல் தமிழுக்கு மாறியிருந்தேன்.

"கல்யாண மண்டபத்துலேர்ந்து மேடம். நாங்க எல்லாரும் சேர்ந்துதான் தூக்கிட்டு வந்தோம்."

"மண்டபக்காரர்கிட்டப் போய்க் கேட்டது யாரு?"

"நான்தான்."

"எந்தத் தெருவுக்கு முதல்லன்னு முடிவு பண்ணினது?"

"அதுவும் நான்தான். அதுக்காகத் தூக்கினவங்கள விட்டுட்டு நான், நான்னு எப்படி மேடம் சொல்றது? அத்தா கேட்டா சிரிப்பாங்க."

"அங்க உக்காந்திருக்கறவங்களுக்கு உங்க அப்பாவையும் தெரியாது, தூக்கினவங்களையும் தெரியாது. நான்னு சொல்லுங்க இர்ஃபான்."

வாரம் ஒருநாள், வியாழக்கிழமைகளில், பயிற்சி செய்தோம். முதலில் அந்த "ஐ" அவர் தொண்டையில் சிக்கியது. பிறகு மெல்ல நேரானது. பயிற்சி முடிந்தபின் கொஞ்ச நேரம் தமிழில் பேசிக்கொண்டிருப்போம். ஊரில் மழை எப்படி, அலையாத்திக் காட்டுப் பக்கம் படகு போகிறதா என்று. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்பது, டிசம்பரில் அவர் ஃபோன் செய்தபோதுதான் எனக்கே புரிந்தது.

"கிடைச்சிருச்சு மேடம்! லண்டன்ல! நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன்."

வாழ்த்தினேன். உண்மையாகவே சந்தோஷம்தான். ஃபோனை வைத்தபின் காலண்டரில் அடுத்த வாரத்தின் வியாழக்கிழமையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் கிளம்புவதற்கு முன் ஒருநாள் சாப்பிடக் கூப்பிட நினைத்தேன். பொங்கலை ஒட்டிவந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மெசேஜ் அனுப்பி அழைத்தேன். பதில் ஆங்கிலத்தில் வந்தது. அழைத்ததற்கு மிக்க நன்றி, அந்த வார இறுதியில் வேறு வேலைகள் இருப்பதால் வர இயலவில்லை, வேறொரு சமயம் சந்திக்க ஆவலாக இருக்கிறேன். முதலில் நன்றி, பிறகு மறுப்பு, கடைசியில் ஒரு நம்பிக்கை. மனம் நோகாமல் மறுக்க வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் முறை அது. திருத்துவதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை.

ஆனாலும் அன்று சமைத்தேன். அடுப்பில் பொங்கல் இருக்க, ஊரில், நன்னிலத்தில் இருக்கும் தம்பி செந்திலுக்கு ஃபோன் செய்தேன். அங்கே மத்தியானம் சாய்ந்திருக்கும்.

"பொங்கல் வச்சியா அக்கா? யாராச்சும் வந்தாங்களா?"

"வந்தாங்க, வந்தாங்க. அங்க என்ன சத்தம்?"

"இன்னைக்குத்தான் எங்க வயல்ல மிஷின் இறங்கியிருக்கு. ஈரம் காயல, அதான் லேட்டு."

முன்பெல்லாம் 'நம்ம வயல்' என்பான். அது 'எங்க' என்று மாறியது அவனுக்கே தெரிந்திருக்காது. அதற்குள் யாரோ கூப்பிட, "ஒரு நிமிஷம்க்கா" என்றவன், ஃபோனை அணைக்க மறந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தான்.

வைக்கோலில் கால் பதியும் சரசரப்பு, அறுவடை இயந்திரத்தின் இரைச்சல், வரப்பை ஒட்டி வண்டியைத் திருப்பச் சொல்லும் குரல்கள், நடுவே அவன் மூச்சு. ஜன்னலுக்கு வெளியே பூந்தூறலாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. தெருவில் ஒருவரும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பேசினால் அவனுக்கு நினைவு வந்துவிடும் என்று பேசாமல், ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் சட்டைப்பைக்குள் இருந்தபடியே அறுப்பு முடியும்வரை வயலைச் சுற்றி வந்தேன்.