சாலெக்கின் பங்கு ரொட்டி

தண்ணீர் லாரி வருவது முதலில் காதுக்குத் தெரியாது. பாலைவெளியின் விளிம்பில் வெளிறிய புழுதி ஒன்று எழும்பி, வழியை மறந்துவிட்டதுபோல் அப்படியே மிதக்கும். அதற்குள் எங்கோ சாலெக் இருப்பான். எங்கள் சஹராவி அகதி முகாமில் கூடாரம் கூடாரமாகத் தொட்டி நிரப்புகிறவன் அவன்தான். ஒருகாலத்தில் அவன் ஏறி உட்கார்ந்தால் லாரியே ஒரு பக்கம் சாயும்.

அந்த வசந்தத்தில் வாந்திக் காய்ச்சல் வந்தது. முகாம் முழுவதையும் படுக்கவைத்துவிட்டுப் போனது. ஒரு வாரத்தில் எல்லோரும் எழுந்துவிட்டோம். சாலெக்கும் எழுந்தான், அவன் வயிறு மட்டும் எழவில்லை. எது தின்றாலும் உப்பும், பிறகு கலங்கி ஓடும். சட்டைக்குள் காற்று குடியேறியது. லாரிமேல் குழாயோடு நின்றால், கொடியில் காயும் துணி ஒன்று தண்ணீர் ஊற்றுவதுபோல் இருக்கும்.

"சாலெக், பையில கல்லு போட்டுக்கிட்டு வாடா. காத்தடிச்சா உன்ன எங்கன்னு போய்த் தேடுறது?" என்போம்.

மெலிந்தவனைக் கண்டால் எங்கள் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. தணலை விலக்கி, சுடுமணலில் மாவைப் புதைத்து, வெந்த ரொட்டியைத் தட்டியெடுத்து, வெண்ணெயில் தோய்த்து நீட்டுவார்கள். ஸெய்னபு அத்தை கொடுத்தால் அவன் மறுப்பதே இல்லை. அவள் மகள் நஜாத்தைக் கட்டிக்கொள்ள அவனுக்கு ஆசை. தின்னத் தின்ன இளைத்தான்.

மாலாய்னின் என்ற எங்கள் டாக்டர் ஒவ்வொரு சொல்லையும் மிட்டாய்போல வாயில் உருட்டித்தான் வெளியே விடுவார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு உருட்டினார்.

"இது சீலியாக், தம்பி. கோதுமை உனக்கு ஆகாது, பார்லியும் ஆகாது. ரொட்டி, குஸ்குஸ் எல்லாத்தையும் விட்டுரு."

"காய்ச்சலுக்கு முன்னாடி மலை மாதிரி தின்னேனே டாக்டர்?"

"அந்தக் குணம் உன் உடம்புல பொறந்ததுலேர்ந்து தூங்கிட்டிருந்திருக்கும். நம்ம ஜனத்துல நெறைய பேருக்கு இருக்கு. காய்ச்சலோட வந்த வைரஸ் அதைத் தட்டி எழுப்பியிருக்கலாம்."

"எழுப்புனவன் போயிட்டானே. எழுந்தது மட்டும் ஏன் இன்னும் உக்காந்திருக்கு?"

"வைரஸோட சண்டை போடுறப்ப, பக்கத்துல கெடந்த ரொட்டியையும் உடம்பு எதிரின்னு நெனச்சிருச்சோ என்னவோ. வைரஸ் போயிருச்சு, கோவம் போகல. இருக்கலாம்னுதான் சொல்றேன். சத்தியம் பண்ணச் சொல்லாத."

சாலெக்கின் கவலை குடலைப் பற்றியதல்ல. பெண் கேட்க வருகிறவன் அந்த வீட்டு ரொட்டியைத் தொடாமல் எழுந்தால், பெண்ணையே வேண்டாம் என்றதாகிவிடும்.

அன்று அந்தியில் மணல் ரோஜா நிறத்தில் கரைந்துகொண்டிருந்தது. ஸெய்னபு ரொட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். பெண் கேட்க வந்த சாலெக் எதிரே உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கூடாரத்துக்காரர்களான நாங்களும் தேநீர் என்ற சாக்கில் உட்கார்ந்திருந்தோம்.

"அத்தை, டாக்டர் ரொட்டி வேணாம்னுட்டாரு. அந்தக் காய்ச்சல்ல..."

"அது எனக்குந்தான் வந்துச்சு. நான் ரொட்டி தின்னுதான் எழுந்தேன். என் கை ரொட்டியில என்னடா குறை?"

"குறை ரொட்டியில இல்ல அத்தை. என் வயித்துல."

"வயித்துலயா, மனசுலயா?"

கண்ணாடிக் குவளைகளில் நுரை உடைவது கேட்டது. சாலெக் ஒரு துண்டைப் பிட்டான். வெண்ணெய் சொட்டச் சொட்ட, கனவில் நடப்பவனைப்போல மெல்ல வாய்க்குக் கொண்டுபோனான்.

உதட்டருகே வரும்போது நஜாத் அதைப் பறித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே இவரு பங்கு ரொட்டி எனக்கு," என்றாள் வாய் நிறைய. "ரெண்டாள் பருமன் ஆகிடுவேன், நம்ம ஜனத்துல பொண்ணு பருத்தாத்தானே அழகு, உனக்குத்தாம்மா பெருமை. இவருக்குச் சோறு ஆக்கிப் போடு. மாவு பிசைஞ்ச கையக் கழுவிட்டு."

ஸெய்னபு எங்களைப் பார்த்தாள்.

"இவன் பொண்ணு கேக்கவே இல்ல. அதுக்குள்ள இவ பங்கு பிரிக்கிறா பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். காலையில் அவன் நிரப்பிய தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு, விரலிடுக்கு மாவெல்லாம் போகும்வரை கழுவிக்கொண்டே இருந்தாள்.