கன்னி ராசியில் ஒரு கருப்புப் புள்ளி

"ஏம்மா, பெங்களூர் மொட்டை மாடியில இருந்து குவாசரா? கேமராவுல ஒட்டியிருக்கிற தூசியை எடுத்துட்டு வந்து, இதான் குவாசர்னு காட்டப் போற, பாரு."

எங்கள் வானம் பார்க்கும் குழுவின் மாதக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னாலும் சொன்னார் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர். குழுவில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'சார்'. அறையே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். லிங்கராஜபுரம் திரும்பும் பேருந்தில் உட்கார்ந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். மிகமிகத் தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில், பெரிய கருந்துளை ஒன்று தன்னைச் சுற்றியிருக்கும் வாயுவை இழுத்து விழுங்கும்போது கிளம்பும் வெளிச்சம்தான் குவாசர். நம் கண்ணுக்கு எட்டுகிற வகையில் அவற்றில் மிகப் பிரகாசமானது கன்னி ராசியில் இருக்கிறது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, பட்டியல் எண் மட்டும்தான். இன்றைக்கு நாம் பார்க்கும் அதன் ஒளி அங்கிருந்து புறப்பட்டு இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இவ்வளவு பெருமை இருந்தும் படத்தில் அது வெறும் புள்ளி. பக்கத்து நட்சத்திரத்துக்கும் அதற்கும் பார்வையில் வித்தியாசமே தெரியாது. ஆகவே குவாசரை எடுத்தேன் என்று சொல்பவரின் சொல்லைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. என் சொல்லை அந்த அறை நம்ப வேண்டும் என்று எனக்கு ஆசை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. இயற்பியலில் பட்டம் வாங்கி, இப்போது மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை செய்கிறேன். அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அம்மாவுக்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான். கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் செக்கிங். தைத்து வரும் சட்டையைச் சாம்பிள் பீஸோடு ஒப்பிட்டு, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேருந்தின் போர்டைக்கூட எழுத்தின் உருவத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வாள்.

முதல் முறை ஒரு விண்மீன் மண்டலத்தைப் படம் எடுத்துக் காட்டியபோது, "லென்ஸ் மேல விரல் வெச்சுட்டியா?" என்று கேட்டாள். இரண்டாவதைக் காட்டியபோது, "இது பரவாயில்ல, தொப்பி மாதிரி இருக்குது" என்றாள். அதற்கு வானியலில் உண்மையாகவே தொப்பியின் பெயர்தான் என்று சொன்னேன். அன்று முழுக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் மாதம் மாடிக்குப் போனேன். இரவு ஒன்பதரைக்கெல்லாம் கன்னி ராசி நன்றாக மேலே வந்துவிடும். கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் மாடி விளக்கை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தேன். "ஈஸ்டருக்குப் போட்ட சீரியல் லைட்டையும் அணைக்கட்டுமா, இல்ல உன் நட்சத்திரத்துக்கு அது தொணைக்கு இருக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, இரண்டையும் அணைத்தார். தெருவிளக்கை யாரிடம் போய்ச் சொல்வது? தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தினேன். கேமராவைத் தொலைநோக்கியின் பின்னால் நேராக மாட்டினால், உயரத்தைப் பார்த்துத் திருப்பும்போது முக்காலியின் காலில் இடித்தது. கழுத்தை வளைக்காமல் பார்ப்பதற்காகச் சாய்வுக் கண்ணாடி ஒன்று வைத்திருந்தேன். அதை நடுவில் போட்டு, கேமராவைப் பக்கவாட்டில் மாட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இருபது வினாடிக்கு ஒன்றாக இருநூறு படங்கள் எடுத்தேன். தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பெங்களூரின் ஆரஞ்சு வெளிச்சம்தான் தெரியும். இருநூறையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த மூட்டம் அடங்கி, மங்கலான புள்ளிகள் மேலே வரும். வந்தன. எது குவாசர் என்று கண்டுபிடித்துச் சொல்ல நிரல் உண்டு. நான் அதைத் தொடவில்லை. வான வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணாலேயே கண்டுபிடிப்பேன் என்று வீம்பு. படத்தை இப்படியும் அப்படியும் சுழற்றி, இரண்டு பெரிய நட்சத்திரங்களை வரைபடத்தோடு பொருத்தினேன். மற்றவை கொஞ்சம் கோணலாக இருந்தன. அந்த இரண்டையும் சேர்க்கும் கோட்டுக்கு இடப்பக்கம் குவாசர் இருக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு புள்ளி இருந்தது. அதற்கு அம்பு போட்டேன். குழுவின் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

கைதட்டல் படங்கள் குவிந்தன. அரை மணி கழித்து சாரிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: "பலே." அதைத் திரையில் எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை. ஞாயிறு கூட்டத்தில் சுவரில் ஒட்டுவதற்காகப் படத்தையும் வரைபடத்தையும் ஒரே அளவில் அச்சிட்டு வந்தேன். மங்கலான புள்ளிகள் நன்றாகத் தெரிவதற்காக நிறத்தை மாற்றித்தான் அச்சிடுவோம்: வானம் வெள்ளை, நட்சத்திரங்கள் கருப்பு. வேலை முடிந்து வந்த அம்மா முகம்கூடக் கழுவாமல் அதைக் கையில் எடுத்தாள்.

"இன்னா கண்ணு, வெள்ளைத் துணியில இவ்ளோ கறை?"

"கறை இல்லம்மா, நட்சத்திரம். அம்பு போட்டிருக்கேன் பாரு, அதான் குவாசர்."

"நாங்க தப்பு இருக்கிற எடத்துலதான் அம்பு ஒட்டுவோம். நீ இன்னா, நல்லா இருக்கிற எடத்துல ஒட்டற?" என்றவள், வரைபடத்தையும் கேட்டு வாங்கினாள். "இதான சாம்பிள்?"

"ஆமா."

இரண்டையும் தரையில் பக்கம் பக்கமாக வைத்து உட்கார்ந்துவிட்டாள். படத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்று. நான் டீ போட்டுக் கொண்டு வந்தபோதும் அதே இடத்தில்தான் இருந்தாள்.

"ஒட்டலையே கண்ணு. எப்படித் திருப்பினாலும் ஒட்டல. இது உள்பக்கம்."

"காகிதத்துக்கு ஏதும்மா உள்பக்கம், வெளிப்பக்கம்?"

"போன மாசம் ஒரு லாட் முழுக்க டீ ஷர்ட்ல யானை இந்தப் பக்கம் பாத்துக்கிட்டு வந்துச்சு. சாம்பிள்ல அந்தப் பக்கம் பாக்குது. பிரிண்டிங்ல ஸ்கிரீனைத் திருப்பிப் போட்டுட்டானுங்க. சூப்பர்வைசர் கண்ணுக்கே தெரியல. இதுவும் அந்த யானைதான்."

சொல்லிக்கொண்டே எழுந்து, காகிதத்தைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கம் எங்களைப் பார்க்கும்படி டியூப்லைட்டுக்கு நேரே தூக்கினாள். வெளிச்சத்தில் கருப்புப் புள்ளிகள் ஊடுருவித் தெரிந்தன. கோணலாக இருந்தவை எல்லாம் வரைபடத்தில் இருந்தபடியே வரிசையில் நின்றன.

சாய்வுக் கண்ணாடி! கண்ணாடியில் பட்டு வரும் பிம்பம் இடவலம் மாறும். அதைப் பள்ளிக்கூடத்திலேயே படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவள் நான். இடம் வலமாகிவிட்ட படத்தைச் சுழற்றிச் சுழற்றி என்ன பயன்? நான் அம்பு போட்டிருந்தது நம் வீட்டு வாசலில் இருப்பது போல, நம் விண்மீன் மண்டலத்துக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒரு சாதாரண நட்சத்திரம்.

அம்மாவின் கையிலிருந்த காகிதத்தை அண்ணாந்து பார்த்து, சரியான பக்கத்தில் தேடினேன். புள்ளி இருந்தது. வரைபடம் சொன்ன அதே இடத்தில், நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காத இடத்தில், குவாசர் நேற்றிலிருந்து பேசாமல் உட்கார்ந்திருந்தது.

ஒரு நிமிடம் மகிழ்ச்சி. அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் அனுப்பியது நினைவுக்கு வந்தது. அம்பை இடம் மாற்றிப் புதிதாக அச்சிட்டு ஒட்டிவிட்டால் போதும். போனில் பார்த்த படத்தில் அம்பு எந்தப் பக்கம் இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? இதை அம்மாவிடம் வாய்விட்டே சொன்னேன்.

"பாஸ் போட்டு அனுப்பிட்டியா?" என்றாள்.

"அனுப்பிட்டேன்."

"அப்ப திரும்ப வரவெக்கணும். பாக்ஸ் கட்டி லாரி ஏறினாலும் வரவெப்போம். இல்லனா அடுத்த லாட்டுல எவன் நம்புவான்?"

டீயைக் குடித்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். அவளுக்கு அது அவ்வளவுதான்.

எனக்கு அந்தச் செய்தியை எழுத ஒரு மணி நேரம் ஆனது. 'சிறிய திருத்தம்' என்று ஆரம்பித்தேன். 'சிறிய' என்பதை அழித்தேன். கடைசியில் இப்படி அனுப்பினேன்: "நேற்று நான் காட்டியது குவாசர் அல்ல, சாதாரண நட்சத்திரம். சாய்வுக் கண்ணாடியில் பட்டுப் படம் இடவலம் மாறியதைக் கவனிக்காமல் விட்டேன். தப்பைக் கண்டுபிடித்தது என் அம்மா. நாளை சரியான இடத்தைக் காட்டுகிறேன், நீங்களும் சோதித்துப் பாருங்கள்."

நான்கைந்து சிரிப்பு முகங்கள் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை சார் மடிக்கணினியோடு வந்திருந்தார். "சுவத்துல ஒட்டறது இருக்கட்டும். அந்த இருநூறு படத்தையும் கொண்டாந்தியா?" என்றார். பென் டிரைவை நீட்டினேன். நான் தொட மறுத்த அதே நிரலில் அவர் படத்தை ஏற்றினார். அது வானத்தின் அந்த மூலையை அடையாளம் கண்டு கட்டங்கள் வரைந்தது. குவாசரின் எண்ணைத் தட்டினார். ஒரு சிறிய சிவப்பு வட்டம் வந்து விழுந்தது. வட்டத்துக்கு நடுவில் என் புள்ளி.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"தூசி இல்லம்மா. அதேதான். லிங்கராஜபுரத்துல இருந்து எடுத்திருக்க." பிறகு சுற்றிலும் பார்த்தார். "உங்க அம்மாவைக் கூட்டிட்டு வரலையா? இங்க பாதிப் பேர் படத்தை அவங்க பாக்கணும்போல இருக்கே."

"ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குத் தூக்கம்தான் சார் முக்கியம்" என்றேன். இந்த முறை அறையோடு சேர்ந்து நான் சிரித்தது நிஜமான சிரிப்பு.

சப்தரிஷி மண்டலத்தில் இன்னொரு குவாசர் இருக்கிறது. அதற்கும் நமக்கும் நடுவே ஒரு விண்மீன் மண்டலம் நிற்பதால், அதன் ஒளி வளைந்து, ஒரே குவாசர் இரண்டு புள்ளிகளாகத் தெரியும். மிகவும் மங்கல், எங்கள் மாடியில் அதன் வாடைகூட அடிக்காது. அதை எடுக்க அடுத்த அமாவாசைக்குக் குழுவினர் ஊருக்கு வெளியே, விளக்கே இல்லாத ஓர் இடத்துக்கு வேன் பிடித்துப் போகிறார்கள். கூட்டம் முடிந்து கிளம்பும் முன் மேசையில் இருந்த பட்டியலில் என் பெயரையும், அதற்குக் கீழே அம்மாவின் பெயரையும் எழுதினேன். மேனேஜருக்கு லீவு மெயில் திங்கட்கிழமை காலையிலேயே அனுப்பியாயிற்று. அமாவாசையன்று ஓவர்டைமுக்கு வர முடியாது என்று அம்மாவும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள்.