மருந்துக் கடை வரிசை

எங்கள் எலும்பு வார்டில் பிசியோதெரபிஸ்டுக்கு நோயாளிகள் வைத்த பெயர் 'எழுந்திரு அக்கா'. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த மறுநாளே வாக்கரோடு வந்து நிற்பார். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகு புண்ணாகும், காலில் இருக்கிற கொஞ்சநஞ்ச பலமும் போய்விடும் என்று இருபத்திரண்டு வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருக்கிறார். நர்ஸாக நானும் பதினோரு வருடமாகக் கேட்கிறேன். பெரியவர்களை எப்படியோ அதட்டி எழுப்பிவிடுவார். அவர்களுடைய பிள்ளைகளிடம்தான் அவர் பாச்சா பலிக்காது.

சில மாதங்களுக்கு முன் வந்து சேர்ந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எழுபத்தெட்டு வயது. குளியலறையில் வழுக்கி விழுந்தவர். கழிவறைக்காவது தானே நடந்து போக வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது. மகளோ அப்பா காலைத் தரையில் வைத்தாலே பதறுவாள். வாக்கரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். கை நன்றாக இருப்பவருக்குச் சோறும் ஊட்டிவிடுவாள். அக்கா கெஞ்சினார், திட்டினார். அப்பாவை வதைக்கிறார் என்று மகள் பெரிய டாக்டரிடம் புகார் செய்ததுதான் மிச்சம். அன்று மருந்து அறையில் அக்கா என்னிடம் பொரிந்து தள்ளிவிட்டார். எனக்கும் எரிச்சல் தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து டாக்டரிடம் சொல்லி, வலி மாத்திரையை ஒரு நாளுக்கு மட்டும் எழுத வைத்தேன்; மகள் தினமும் போய் வாங்க வேண்டும். மருந்துக் கடை வரிசை அரைமணி நேரத்துக்குக் குறையாது. மகள் அங்கே கால்கடுக்க நின்று கடைக்காரரைச் சபிப்பாள். இங்கே அக்கா வாக்கரை வெளியே இழுக்க, டிரைவர் முதல் நாள் நாலு அடி வைத்தார், அடுத்த நாள் பதினொன்று. ஐந்தாம் நாள் கழிவறைக்குப் போய்த் திரும்பினார்.

"வண்டி ஷெட்ட விட்டுக் கிளம்பிடுச்சும்மா" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும்போது பயிற்சித் தாளைக் கொடுத்து, தினமும் நடக்கவிடச் சொல்லி மகளிடம் பத்து தடவை படித்துப் படித்துச் சொன்னோம். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள்.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார்கள். டிரைவர் சக்கர நாற்காலியில் இருந்தார். கால்கள் குச்சியாகிவிட்டிருந்தன. பின்னால் மகள், முகமெல்லாம் பெருமை.

"ஒரு அடி தரையில வைக்க விடல மேடம். அப்படிப் பாத்துக்கிட்டோம்."

அக்கா கேஸ் தாளைப் புரட்ட ஆரம்பித்தார். வாயைத் திறந்திருந்தால் வேலை போயிருக்கும். டிரைவர் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டார், குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"இவள மறுபடியும் மருந்துக் கடைக்கு அனுப்புங்கம்மா."