கொடுத்துவிட்டார்

சென்ற மாதம் கைப்பேசிக்கு மின்னூட்டி வாங்கத் தஞ்சைத் தெற்கு வீதிக்குப் போயிருந்தேன். கடைக்காரர் புதிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்தார். அந்தத் தாள்மணம் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. அதே நான்கு சுவர்களுக்குள்தான், தொண்ணூறுகளில், நண்பர் ஆரோக்கியசாமியின் புத்தகக்கடை இருந்தது.

மாதந்தோறும் ஒரு மாலையில் நடுமேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வாடகை நாற்காலிகளை விரிப்பார். எழுத்தாளர் ஒருவர் தம் நூலிலிருந்து சில பக்கங்கள் படிப்பார், பிறகு கேள்விகள். தலைமை பெரும்பாலும் அடியேன். ஒருமுறை, "ஒலிவாங்கி ஏற்பாடு செய்தாயிற்றா?" என்று கேட்டுவிட்டேன். "மைக்குன்னு கேட்டாத்தான் வாடகைக்குத் தர்றாங்க ஐயா. ஒங்க ஒலிவாங்கி இன்னும் தஞ்சாவூருக்கு வரல" என்றார் ஆரோக்கியசாமி. என் தூயதமிழ் அந்தக் கடையில் பட்ட பாடு அவ்வளவு.

வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்கு விமானமேறிய காலம் அது. நன்னிலத்துப் பக்கத்து ஆசிரியை எஸ்தர், தம் முதல் சிறுகதைத் தொகுப்போடு வந்திருந்தார். கூட்டம் தொடங்குமுன் கடைசி வரிசையைப் பார்த்தவர், எங்கள் இருவர் பக்கம் திரும்பினார்.

"அப்பா வந்திருக்காங்க சார். நிலம் பத்தின கதைய விட்டுடட்டுமா? வீட்டு விஷயத்த ஊருக்குச் சொல்லிட்டேன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா?"

"அச்சாகி மேசையில கெடக்குதும்மா. இனிமே விட்டா என்ன, படிச்சா என்ன?" என்றார் ஆரோக்கியசாமி.

எஸ்தர் படித்தார். மகனை வெளிநாடு அனுப்பும் ஒரு தந்தையின் கதை. 'அன்று அப்பா நிலத்தைக் கொடுத்துவிட்டார்' என்ற வரியில் முடித்து, தலை நிமிராமல் அமர்ந்தார்.

சென்னையிலிருந்து வந்திருந்த திறனாய்வாளர் ஒருவர் எழுந்தார். "கதை நன்று. ஆனால் இவ்வளவு வறுமையில் இருப்பவர் நிலத்தை எப்படிக் கொடுப்பார்? யாருக்குக் கொடுத்தார், கோயிலுக்கா?"

"அவுங்க வேதக்காரங்க சார், சர்ச்சுக்குப் போறவங்க!" என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. எஸ்தர் நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தார்.

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. எஸ்தரின் தந்தை ஞானமுத்து எழுந்து நின்றார். வாசலுக்குப் போகிறார் என்றே நினைத்தேன்.

"வித்தேங்க" என்றார். "மகன் சார்ஜா போவணும்னு அஞ்சு மா நிலத்தையும் வித்தேன். எங்க பக்கம் அத வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். கொடுத்துட்டோம்னுதான் சொல்லுவோம். எஸ்தரு, அவருக்குப் புரியட்டும். வித்தாருன்னே படிம்மா."

எஸ்தர் எழுந்தார். 'அன்று அப்பா நிலத்தை விற்றார்.' அந்த ஒற்றை வரி முடியும்வரை நின்றிருந்துவிட்டு, ஞானமுத்து அமர்ந்தார். கூட்டம் முடிந்ததும் வழங்கும் தேநீரைக் கூட ஆரோக்கியசாமி மறந்துபோனார்.

பிறகு ஞானமுத்து மேசையருகே வந்து நூலின் ஒரு படியைப் புரட்டினார். "அடுத்த பதிப்புல அந்தச் சொல்ல மாத்திடலாங்க" என்றார் ஆரோக்கியசாமி.

"வேணாங்க. இங்க சொன்னது இங்கயே இருக்கட்டும். புத்தகத்த ஊர்ல படிப்பாங்கல்ல?"

அடுத்த பதிப்பு வரவேயில்லை. கூட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் கடல் கடந்தனர். பெற்றோரும் பின்னாலேயே போயினர். நாற்காலிகள் குறைந்துகொண்டே வந்து, கடையும் கைமாறியது. எஸ்தர் பிறகு எழுதினாரா என்பது எனக்குத் தெரியவில்லை.

அண்மையில் வலங்கைமான் செல்லும் வழியில் தேநீர் அருந்த நின்றேன். பக்கத்தில் ஓர் இளைஞர் கைப்பேசியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்: "ஆத்தோரத்து ரெண்டு மா நெலத்தையும் வித்தாச்சு மாமா! ப்ளாட்டு போடுறாங்களாம்."

சொல்லில் பிழை ஏதுமில்லை. குரல்தான் தாழவில்லை.